தலைவருக்குப் பிறகு யார்?

(தோட்டச் சங்க நிர்வாகிகளுக்கான ஒரு நாள் பயிற்சியில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நாம் பேச எடுத்திருக்கும் விடயம் கொஞ்சம் சங்கடமானது. ஒரு சங்கத்தை ஆரம்பித்தவரிடம் போய், "அண்ணே, உங்களுக்குப் பிறகு யாரு?" என்று கேட்டால் அவர் மனம் நோகும். "என்னைத் தள்ளப் பார்க்கிறாங்க" என்று நினைப்பார். அதனால் யாரும் கேட்பதில்லை. மரண உதவிச் சங்கம், சிக்கனக் கடன் சங்கம், கூட்டுறவுக் கடை, பிள்ளை மடுவக் கமிட்டி, எதை எடுத்தாலும் இந்தக் கேள்வி மட்டும் கூட்டத்துக்கு வருவதே இல்லை.

கேட்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதை நாம் ஒரு டிவிஷனில் கண்டோம். பெயர் வேண்டாம். மரண உதவிச் சங்கத்தை ஆரம்பித்தவரே பல வருடமாகத் தலைவர். நல்ல மனுசன், ஒரு சதம் பிசகியதில்லை. அவருக்குத் திடீரென்று பாரிசவாதம் வந்து கை விழுந்துவிட்டது. அந்த வாரமே லயத்தில் ஒரு சாவு. வங்கியில் பணம் இருக்கிறது, ஆனால் அவர் கையெழுத்து இல்லாமல் எடுக்க முடியாது. கணக்குப் புத்தகம் அவர் வீட்டுப் பெட்டியில், பெட்டிச் சாவி எங்கே என்று வீட்டாருக்கே தெரியாது. கடைசியில் செத்த வீட்டுக்காரர் வட்டிக்கு வாங்கித்தான் காரியம் செய்தார்கள். மாதா மாதம் சம்பளத்தில் சந்தா கட்டியவர்கள் அவர்கள். யாரும் திருடவில்லை, யாரும் ஏமாற்றவில்லை. அப்படியிருந்தும் சங்கம் கைகொடுக்க வேண்டிய நாளில் கைகொடுக்கவில்லை.

இது சின்னச் சங்கத்துக்கு மட்டும் உள்ள வருத்தம் அல்ல. பங்களாதேஷில் பிராக் என்று ஒரு நிறுவனம் உண்டு. 1972இல், யுத்தம் முடிந்து திரும்பி வந்த அகதிகளுக்கு உதவ பஸ்லே ஹசன் ஆபெத் என்பவர் அதைத் தொடங்கினார். ஷெல் எண்ணெய்க் கம்பனியில் கணக்குத் துறையில் பெரிய உத்தியோகம் பார்த்தவர். லண்டனில் இருந்த தன் வீட்டை விற்ற பணத்தை இதில் போட்டார். இன்று உலகத்தின் மிகப் பெரிய தொண்டு நிறுவனங்களில் அது ஒன்று.

1980ஆம் ஆண்டு தொடங்கி அவர்கள் செய்த ஒரு வேலையை அக்காமார் கவனமாகக் கேளுங்க. வயிற்றோட்டத்தில் பிள்ளைகள் செத்துக்கொண்டிருந்த காலம். நாம் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் ஜீவனி மாதிரி, உப்பும் சீனியும் தண்ணீரும் கலந்து கொடுக்கும் முறையை வீடு வீடாகப் போய்த் தாய்மாருக்குக் கற்றுக் கொடுத்தார்கள். பத்து வருடத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள்! ஆபெத் ஐயா அத்தனை வீட்டுக்கும் போயிருக்க முடியுமா? போனவர்கள் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள். வேலை ஒருவருடைய தலைக்குள் மட்டும் இருக்கவில்லை, பலர் கைக்குப் போய்விட்டது. பிற்காலத்தில் அவர் ஒதுங்க முடிந்ததற்கு இதுதான் அடிப்படை என்பது நமது எண்ணம்.

2001இல், 65 வயதில், நிர்வாக இயக்குநர் பதவியை அவர் விட்டார். ஆனால் முழுதாக வீட்டுக்குப் போகவில்லை, சபைத் தலைவராக இருந்தார். அதன் பின் நிர்வாக இயக்குநர்கள் மாறி மாறி வந்தார்கள். "ஐயா பின்னால் உட்கார்ந்திருந்தால் புதியவர் என்ன செய்வார்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான், அந்தச் சிக்கல் எங்கும் உண்டு. 2019 ஆகஸ்ட் மாதம் தலைவர் பதவியையும் விட்டார். அந்த நாற்காலி பிள்ளைகளுக்குப் போகவில்லை, வெளியில் அனுபவம் பெற்ற இருவரிடம் போனது: பங்களாதேஷ் வேலைக்கு ஒருவர், வெளிநாட்டு வேலைக்கு ஒருவர். அதே வருடம் டிசம்பர் 20ஆம் திகதி அவர் காலமானார். பிராக் வேலை நிற்கவில்லை.

அதே நாட்டில் கிராமீன் வங்கியின் கதை வேறு. பேராசிரியர் முஹம்மத் யூனுஸ் தொடங்கியது. அவருக்கும் வங்கிக்கும் சேர்த்து 2006இல் நோபல் பரிசு கிடைத்தது. 2011இல், 60 வயது ஓய்வு வயதைத் தாண்டிவிட்டார் என்று மத்திய வங்கி அவரை நீக்கியது. கடன் வாங்கிய ஏழைப் பெண்கள் தெரிவு செய்த ஒன்பது பணிப்பாளர்களும் அவருக்காக நீதிமன்றம் போனார்கள், பலிக்கவில்லை. அதில் அரசியல் இருந்தது என்று பலர் சொல்றாங்க. இருக்கட்டும். தானே நாள் குறித்து இறங்கியிருந்தால் அந்தப் பிடி யாருக்கும் கிடைத்திருக்காது.

நம் நாட்டில் சர்வோதயத்தை எல்லோரும் அறிவீர்கள். ஆசிரியராக இருந்த ஏ.ரி. ஆரியரத்ன 1958இல் ஆரம்பித்தது. 2024 ஏப்ரலில் அவர் காலமாவதற்கு முன்பே அவருடைய மகன், டொக்டர் வின்யா ஆரியரத்ன, பல வருடமாகப் பொறுப்புகளில் பழகியிருந்தார். மகனுக்குக் கொடுப்பது சரியா என்று தோட்டத்தில் கேட்பார்கள். தலைவர் மகன் என்பதால் ஒருவருக்குத் தகுதி கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. அங்கத்தவர் கண் முன்னால் வேலை செய்து காட்டினாரா, பொதுக்கூட்டம் கை தூக்கியதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். சந்தாவும் அவர்கள் சம்பளத்திலிருந்துதான் வருகிறது. ஆனால் கமிட்டி மேசையில் ஆண்கள்! "அடுத்த ஆள் கிடைக்கலை" என்று தலைவர்மார் நம்மிடம் சொல்லும்போது, அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது. வேலை முடிந்து வீட்டுச் சமையலையும் பார்க்கிற பெண், இரவு ஏழு மணிக் கூட்டத்துக்கு எப்படி வருவார்? கூட்டத்தைச் சம்பள நாள் மாலையில் வேளைக்கே வையுங்கள், ஆள் வரும்.

இறங்கும் தலைவரை வெறுங்கையோடு அனுப்பவும் கூடாது. அவரைப் போஷகராக வைக்கலாம், ஆலோசனை கேட்கலாம். காசோலையில் கையெழுத்து மட்டும் புதியவர்களுடையதாக இருக்க வேண்டும். அதுவும் மூன்று பேர் பெயர் கொடுத்து, எந்த இருவர் ஒப்பமிட்டாலும் செல்லும் என்று வங்கியில் எழுதி வையுங்கள்.

வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு சங்கமும் யாப்பை எடுத்து, தலைவர் எத்தனை வருடம் இருக்கலாம் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஒரு தீர்மானம் எழுதி வாங்க, திருத்துவதற்கு நாம் கூட இருப்போம். உப தலைவர் இந்த மாதமே ஒரு தடவை வங்கிக்குப் போய் வரட்டும். கணக்குப் புத்தகமும் பெட்டிச் சாவியும் எங்கே இருக்கின்றன என்பது இன்று இரவு வீடு போவதற்குள் இன்னும் இருவருக்குத் தெரிய வேண்டும்.