முதன்முதல் வாங்கும் புல்வெட்டும் இயந்திரம்

மழையைப் பற்றிப் பேசுவோர் இரத்தினபுரியை மறப்பதில்லை. மாணிக்கக் கற்களாற் பெயர் பெற்ற அம்மாவட்டமும், அதனை அடுத்துள்ள கேகாலை மாவட்டமும் சேர்ந்ததே சப்ரகமுவ மாகாணம். வைகாசியில் தென்மேற்குப் பருவக்காற்று எழுந்துவிட்டால், யட்டியாந்தோட்டை முதல் இறக்குவானை வரையுள்ள தோட்டங்களில் வெயிலைக் காண்பதே அரிதாகிவிடும். அந்த மழைதான் தேயிலைக்குக் கொழுந்தையும் இறப்பர் மரத்துக்குப் பாலையும் தருகின்றது. ஆனால் மழை, பயிர் எது, களை எது என்று பார்த்துப் பெய்வதில்லை. இன்று துப்புரவு செய்த நிரையிலே சில வாரங்களுக்குள் புல் மறுபடியும் முழங்காலைத் தொட்டு நிற்கும்.

இப்புல்லை அடக்க மனிதன் கையாண்ட வழிகள் பல. சுரண்டியால் மண்ணோடு சேர்த்துச் சுரண்டி எடுப்பது பழைய வழி. புல் போகும், அதனோடு சரிவான நிலத்தின் மேல்மண்ணும் அடுத்த மழையிலே ஆற்றுக்குப் போய்விடும். பின்னர் களைகொல்லி மருந்து வந்தது. அதிலும் நிலையில்லை. கிளைபோசேற் என்னும் மருந்து 2015ஆம் ஆண்டில் இலங்கையில் தடை செய்யப்பட்டது. 2018ஆம் ஆண்டில் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டில் செயற்கை உரங்களோடு விவசாய இரசாயனங்களின் இறக்குமதியும் நிறுத்தப்பட்டு, அவ்வாண்டு முடிவதற்குள் அத்தடையும் தளர்ந்தது. இந்த ஏற்ற இறக்கங்களுக்கிடையே, மக்கள் வழக்கில் ‘புல்லு வெட்டும் மெசின்’ எனப்படும் சிறிய பெற்றோல் இயந்திரத்தைச் சிறுநிலம் உடையோர் பலர் நாடலாயினர். அது வேரை மண்ணில் விட்டுவிட்டுப் புல்லை மட்டும் வெட்டுகின்றது. வேர் மண்ணைப் பிடித்துக்கொள்கிறது; வெட்டிய புல் நிலத்துக்கு மூடாக்காகிறது.

ஆயினும், கைப்பொருள் குறைந்த ஒரு குடும்பம் இத்தகைய இயந்திரத்தை முதன்முதலாக வாங்கப் புறப்படும்போது எதை எண்ணிப் பார்க்க வேண்டும்? இதனை விளக்க, நேயர்களின் மனக்கண் முன்னே ஒரு குடும்பத்தை நிறுத்தலாம்.

கேகாலை மாவட்டத்துத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு பெற்ற தொழிலாளி ஒருவர். அவருடைய சம்பளத்தில் நூற்றுக்கு 8 வீதமும் தோட்டத்தின் பங்காக 12 வீதமும் சேர்ந்து வளர்ந்த ஊழியர் சேமலாப நிதி இப்போது கைக்கு வந்திருக்கிறது. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தினால் உண்டான அந்நிதியே வாழ்நாள் உழைப்புக்கு அவர் கண்ட மொத்தப் பலன். அதன்மேல் உரிமை கொண்டாடும் செலவுகளோ பல. அடைவு வைத்த நகையை மீட்க வேண்டும். மகள் உயர்தர வகுப்பில் படிக்கிறாள். மகன் பராமரிக்கும் அரை ஏக்கர் தேயிலைத் துண்டிலே புல் மண்டிக் கிடக்கிறது.

மகன் பட்டணத்துக் கடையொன்றில் பெரிய இயந்திரம் ஒன்றைப் பார்த்து வந்தான். 52 கன சென்ரிமீற்றர் எஞ்சின். பளபளக்கும் சிவப்பு நிறம். விலையும் மற்றவற்றைவிடக் குறைவு.

“அப்பா, அதையே வாங்கிவிடுவோம். நம்முடைய துண்டை முடித்துவிட்டு ஊருக்குள் கூலிக்கும் வெட்டலாம்” என்றான்.

“வெட்டலாம், தம்பி. ஆனால் அது பழுதானால் யார் பார்ப்பார் என்று கேட்டாயா?” என்றார் தந்தை.

மகன் கேட்கவில்லை. முதன்முதல் வாங்குவோரில் பெரும்பாலோர் கேட்பதில்லை. விலையைக் கேட்பர், வலிமையைக் கேட்பர், அத்துடன் நின்றுவிடுவர். உண்மையில் முதற்கேள்வி நிலத்தைப் பற்றியதாக இருத்தல் வேண்டும்.

பனிநாடுகளிலும் இதே நிலைதான். கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்று வாசற்பனியை அகற்றும் இயந்திரத்தை முதன்முறை வாங்கும்போது, பனி எவ்வளவு ஆழம், அது ஈரப்பனியா உலர்பனியா, பாதை எவ்வளவு நீளம் என்றே முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது. மெல்லிய பனிக்கு ஒருகட்ட இயந்திரம் போதும். ஆழ்ந்த பனிக்கே இருகட்ட இயந்திரம் வேண்டும். அங்கே பனி, இங்கே புல். பொருள் வேறாயினும் கணக்கு ஒன்றே.

இளம்புல்லுக்கு நைலோன் நூல் போதுமானது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஜோர்ஜ் பல்லாஸ் என்பவர், மோட்டார் வண்டி கழுவும் நிலையத்தில் சுழலும் தூரிகைகளைக் கண்டு, 1971ஆம் ஆண்டில் இந்நூல் முறையை வகுத்தார் என்பது வரலாறு. முற்றிய புல்லுக்கும் கட்டைச்செடிக்கும் இரும்புத் தகடு வேண்டும். ஆனால் நூலாயினும் தகடாயினும், தேயிலைத் தூரிலோ இளம் இறப்பர்க் கன்றிலோ பட்டால் பட்டை உரிந்துவிடும். பட்டை சுற்றிலும் உரிந்த கன்று பிழைப்பது அரிது. ஆதலால், எந்த இயந்திரத்தை வாங்கினாலும் தூரைச் சுற்றியுள்ள களையைக் கையாலேயே எடுக்க வேண்டும். இயந்திரம் வந்துவிட்டது என்று கத்தியைத் தூக்கி எறிந்துவிடலாகாது.

இரண்டாவது கேள்வி எஞ்சினைப் பற்றியது. ஈரடிப்பு எஞ்சினில் பெற்றோலுடன் எண்ணெயையும் கலந்து ஊற்ற வேண்டும். கலக்கும் அளவு இயந்திரத்துக்கு இயந்திரம் வேறுபடும். 50க்கு 1 என்றால் 5 லீற்றர் பெற்றோலுக்கு 100 மில்லிலீற்றர் எண்ணெய். 25க்கு 1 என்றால் 200 மில்லிலீற்றர். எண்ணெய் சேர்க்க மறந்தால் எஞ்சின் இறுகிப்போகும். மிகுதியாகச் சேர்த்தால் புகைந்து அடைத்துக்கொள்ளும். நாலடிப்பு எஞ்சினில் எண்ணெய்க்குத் தனியிடம் உண்டு, கலக்கும் வேலையில்லை, பெற்றோற் செலவும் பொதுவாகக் குறைவு, ஆனால் வாங்கும் விலை கூடுதல். 2022ஆம் ஆண்டில் பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற நாட்டு மக்களுக்கு, ஒரு லீற்றரில் எத்தனை நிரை வெட்டலாம் என்ற கணக்கின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மின்கலத்தால் ஓடும் இயந்திரங்களும் உண்டு. அவை சத்தமும் புகையும் குறைந்தவை. எனினும் நாள் முழுதும் வெட்ட ஒரு மின்கலம் போதாது; இரண்டாவது மின்கலத்தின் விலையையும் சேர்த்தே அவற்றை எடைபோட வேண்டும்.

மூன்றாவது கேள்வி சுமப்பவனைப் பற்றியது. இவ்வியந்திரங்களிற் பல, எரிபொருளோடு சேர்ந்து எட்டுக் கிலோவை எட்டிவிடும்; சில அதனையும் கடக்கும். சமதரையில் தெரியாத அச்சுமை சரிவிலே தெரியும். தோளில் மாட்டும் வகையும் உண்டு. முதுகில் சுமக்கும் வகையும் உண்டு. முதுகிற் சுமப்பது சரிவுக்கும் நெருங்கிய நிரைக்கும் இலகுவானது. ஆயின் அதன் வளையும் தண்டு தேயும்போது மாற்றவேண்டிய செலவு உண்டு. இயந்திரத்தின் அதிர்வோ கண்ணுக்குத் தெரியாத பகை. ஆண்டுக்கணக்கில் அதிர்வைத் தாங்கும் விரல்கள் மரத்து வெளுத்துப்போவதை மருத்துவர்கள் ஒரு தொழில்நோயாகவே கருதுகின்றனர்.

இவற்றையெல்லாம் கேட்டறிந்த தந்தை ஒரு வழி கண்டார். கடைக்குப் போவதற்கு முன், அயலூரில் ஒருவரிடமிருந்த பெரிய இயந்திரத்தை ஒருநாள் வாடகைக்கு எடுத்து மகனிடம் கொடுத்தார். ‘ஆழம் அறியாமல் காலை விடாதே’ என்பது பழமொழியன்றோ? காலையிலே உற்சாகமாகத் தொடங்கிய மகன், நண்பகலில் கைகளை உதறிக்கொண்டு அமர்ந்துவிட்டான். நான்கு தேயிலைத் தூர்களில் பட்டை கிழிந்திருந்தது. தந்தை ஒன்றும் சொல்லவில்லை. மகனே, “நமக்கு இவ்வளவு பெரியது வேண்டாம், அப்பா” என்றான்.

அன்று மாலை, அதுவரை பேசாதிருந்த தாய் பேசினார். “பக்கத்து லயத்துப் பிள்ளைக்குக் கல் தெறித்துக் கண் போனதை மறந்துவிட்டீர்களா? முகமூடியும் சப்பாத்தும் வாங்கப் பணம் மிஞ்சாவிட்டால் மெசினே வேண்டாம்” என்றார்.

அவருடைய சொல்லே அன்றைய முடிவாயிற்று. சுழலும் தகடு கல்லையும் கம்பியையும் வெகுதூரம் எறியவல்லது. வெட்டுபவரைச் சுற்றிப் 15 மீற்றருக்குள் எவரும் நிற்கலாகாது என்றே இயந்திரக் கையேடுகள் கூறுகின்றன. கண்ணுக்கும் முகத்துக்கும் கவசம், காதுக்கு மூடி, காலுக்கு உறுதியான சப்பாத்து ஆகியவற்றைக் கடைக்காரர் இனாமாகத் தந்தால் பார்க்கலாம் என்று விடுதல் தகாது. யானையை வாங்குபவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கலாமா?

ஆகவே கையிலுள்ள பணத்தை ஒரே இயந்திரத்தில் கொட்டாமல் பகுத்துக்கொள்வதே அறிவுடைமை. ஒரு பகுதி இயந்திரத்துக்கு; ஒரு பகுதி கவசங்களுக்கு; ஒரு பகுதி மாற்றுத் தகடு, நூல், தீப்பொறிச் செருகி, காற்று வடிகட்டி ஆகியவற்றுக்கு; ஒரு பகுதி முதல் சில மாதங்களின் எரிபொருளுக்கு. இப்படிப் பகுத்த பின் இயந்திரத்துக்கென எஞ்சும் தொகையே உண்மையான வரவுசெலவு. அத்தொகைக்குள், உதிரிப்பாகம் அருகிலுள்ள பட்டணத்திலே கிடைப்பதும், பழுது பார்க்கத் தெரிந்தவர் ஒருவர் இருப்பதுமான இயந்திரமே நல்ல இயந்திரம். பழுதுபட்டு மூலையிற் கிடக்கும் இயந்திரத்தின் விலை எவ்வளவு குறைவாயினும் அது நட்டமே. உத்தரவாதச் சீட்டையும் பற்றுச்சீட்டையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துவது கடைக்காரரை அவமதிப்பதாகாது. வாங்குபவரின் உரிமை அது.

அக்குடும்பம் இறுதியில் 35 கன சென்ரிமீற்றர் நாலடிப்பு இயந்திரம் ஒன்றை வாங்கியது. மகன் கண்ட சிவப்பு இயந்திரத்தைவிட அதன் விலை சற்றே கூடுதல். நிறமும் அவ்வளவு கவர்ச்சியாக இல்லை. நகைகளில் ஒன்று இன்னும் சில மாதம் அடைவிலேயே இருக்க நேர்ந்தது. மகளின் படிப்புக்கு ஒதுக்கிய பணத்தில் மட்டும் எவரும் கைவைக்கவில்லை. எரிபொருட் செலவையும் கூலிக்கு வெட்டிய வருமானத்தையும் மகளே ஒரு பயிற்சிக் கொப்பியில் எழுதி வருகிறாள். காற்று வடிகட்டியைக் கழுவிய நாளும் தகட்டைத் தீட்டிய நாளும் அதிலே உண்டு.

முப்பது ஆண்டு உழைப்பைக் கொடுத்து வாங்கும் பொருள், அடுத்து வரும் உழைப்பைக் குறைக்க வேண்டுமேயன்றிப் புதிய கடனாக வந்து முதுகில் ஏறலாகாது. நிலத்தைப் பார்த்து, சுமப்பவனைப் பார்த்து, பழுது பார்ப்பவனைப் பார்த்து, அதன்பின் விலையைப் பார்ப்பவர் ஏமாறுவது அரிது. மழை ஆண்டுதோறும் வரும்; புல்லும் வளரும். சேமலாப நிதி ஒருமுறைதான் வரும்.