‘இருந்தால்’ வேறு, ‘இருந்தால்தான்’ வேறு

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி பஸ்ஸில் போய்க்கொண்டே ரயில்வே தேர்வுக்குத் தயாராகிறவங்களுக்காக இந்த எபிசோட். அந்தத் தேர்வில் ஒரு தவறான விடைக்கு 1/3 மதிப்பெண் கழியும். ரீசனிங்கில் தெரிஞ்ச மாதிரியே இருந்து காலை வாரிவிடுவது நிபந்தனை வாக்கியம். இன்னைக்கு அதை மட்டும் பார்க்கலாம்.

கேட்டிலிருந்தே ஆரம்பிப்போம். ‘ஐடி கார்டு இருந்தால் உள்ளே விடுவார்கள்.’

கார்டு இருக்கு. அப்போ விடுவாங்க. உறுதி.

ஒருத்தரை விடலை. அப்போ அவரிடம் கார்டு இல்லை. இதுவும் உறுதி.

ஒருத்தரை உள்ளே விட்டாங்க. அவரிடம் கார்டு இருக்கா? சொல்ல முடியாது. விசிட்டர் பாஸில் வந்திருக்கலாம். அதே காரணத்தால், ‘கார்டு இல்லை, அதனால் விடமாட்டாங்க’ என்பதும் தப்பு.

இப்போ ஒரு ‘தான்’ சேருங்க. ‘கார்டு இருந்தால்தான் உள்ளே விடுவார்கள்.’ எல்லாம் தலைகீழாகிடும். உள்ளே விட்டவரிடம் கார்டு கட்டாயம் இருக்கும். ஆனா கார்டு வைத்திருக்கிற எல்லாரையும் விடணும்னு இல்லை. இன்னைக்கு ஷிப்ட் இல்லாதவரைத் திருப்பி அனுப்பலாம்.

பேச்சில் நாம ‘தான்’ போடாமலே அதே அர்த்தத்தில் பேசுவோம். ‘பாஸானா சைக்கிள் வாங்கித் தரேன்’னு அப்பா சொன்னா, பாஸாகலைன்னா சைக்கிள் இல்லைன்னு புரிஞ்சுக்கறோம். வினாத்தாளில் அப்படிக் கூடாது. எழுதியிருப்பது மட்டும்தான் கணக்கு.

இது நம்ம ஊருக்குப் பழைய பாடம். பக்கத்துக் காஞ்சிபுரத்தில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தர்க்கம் சொல்லிக்கொடுப்பதை ‘மணிமேகலை’யின் 29ஆம் காதையில் படிக்கலாம். அங்கே உதாரணம் புகையும் நெருப்பும். புகை இருந்தால் நெருப்பு உண்டு, அடுக்களை மாதிரி. நெருப்பு இல்லாத இடத்தில் புகையும் இல்லை. ஆனா நெருப்பு இருந்தாலே புகை இருக்கணுமா? பழுக்கக் காய்ச்சிய இரும்பை நினைச்சுப் பாருங்க.

பிரஸ் ஷாப்பில் இருக்கிறவங்களுக்கு இது மார்க் விஷயம் மட்டும் இல்லை. ‘சென்சாருக்குக் குறுக்கே கை வந்தால் பிரஸ் நிற்கும்.’ சரி, பிரஸ் நின்னிருக்கு. சென்சார்தான் நிறுத்துச்சா? கரண்ட் போயிருக்கலாம்; திரும்பி வந்ததும் ஓடலாம். ‘நின்னிருக்கு, அதனால் ஆபத்தில்லை’ன்னு முடிவு பண்ணினால் போவது விரல். மெயினை ஆஃப் பண்ணிப் பூட்டுப் போட்டால்தான் கை உள்ளே போகணும். அந்தத் ‘தான்’ முக்கியம்.

கடைசியா ஒரு கேள்வி. ‘மழை பெய்தால்தான் பஸ் லேட்டாகும். பஸ் லேட்டாகவில்லை.’ மழை பெய்ததா? யோசிச்சு வையுங்க. அடுத்த எபிசோடை இந்த விடையிலிருந்தே ஆரம்பிக்கலாம்.