இரு புரிகளைப் பிரிக்கும் விசை

அஞ்சலுறையில் ஒட்டிய முத்திரையைக் கழற்ற விரும்புவோர் அதனைப் பக்கவாட்டில் இழுப்பதில்லை. ஒரு மூலையை நகத்தாற் கிளப்பி மெல்ல உரிப்பர். பக்கவாட்டில் இழுத்தாற் பசை முழுவதும் ஒருங்கே எதிர்த்து நிற்கும். உரித்தாலோ, உரியும் விளிம்பிலுள்ள பசை மட்டுமே எதிர்க்கும். நேயர்களே, உயிரின் பரம்பரைச் செய்தியைத் தாங்கும் டீ.என்.ஏ. மூலக்கூறும் இத்தகையதே.

இம்மூலக்கூறு முறுக்கிய ஏணியை ஒத்தது என 1953 ஆம் ஆண்டில் வாற்சனும் கிறிக்கும் காட்டினர். றோசலின் பிராங்கிளினின் எக்ஸ்கதிர் ஆய்வு அதற்குப் பெருந்துணையாயிற்று. அவ்வம்மையாருக்கு உரிய புகழ் காலந்தாழ்த்தியே கிடைத்தது. ஏணியின் படிகளை ஐதரசன் பிணைப்புகள் இணைக்கின்றன. அடினீன், தைமீன் சேர்ந்த படியில் இரண்டு. குவானீன், சைற்றோசீன் சேர்ந்த படியில் மூன்று.

கலம் இரண்டாகப் பிரியுமுன் இச்செய்தி படியெடுக்கப்படல் வேண்டும். அதற்கு ஏணி திறக்க வேண்டும். தானே திறந்துகொள்ளுமாயின் செய்தி சிதையும். திறக்கவே மறுக்குமாயின் உயிர் பெருகாது. அங்ஙனமாயின், அதனைத் திறக்க வேண்டிய விசை எவ்வளவு?

பாரிஸ் நகரிலே எசேவாஸ் ரூலே, பொக்கல்மன், எஸ்லோ என்னும் மூவர் 1997 இல் அதனை அளந்தனர். பற்றீரியாவைத் தாக்கும் இலாம்டா வைரசின் டீ.என்.ஏ.யை எடுத்தனர், அதில் ஏறத்தாழ 48,500 படிகள் உள. ஒரு புரியைக் கண்ணாடித் தளத்திலும் மற்றதை நுண்ணிய கண்ணாடி ஊசியிலும் பொருத்தித் தளத்தை மெல்ல நகர்த்தினர். ஊசி வளைந்த அளவே விசையின் அளவு. அது 10 முதல் 15 பிக்கோநியூட்டன் வரை இருந்தது. நூறு கிராம் பழமொன்றின் நிறை ஏறத்தாழ ஒரு நியூட்டன். அதனை இலட்சம் கோடி கூறாக்கினால் ஒரு கூறே ஒரு பிக்கோநியூட்டன்! இதே மூலக்கூறை முனைக்கு முனை பிடித்து நீட்டினால், ஏறத்தாழ 65 பிக்கோநியூட்டன் வரை அதன் அமைப்புக் குலைவதில்லை என்பது 1996 இலேயே அறியப்பட்டிருந்தது. முத்திரையின் கதைதான்.

விசை ஒரே சீராக இருக்கவில்லை. மும்மைப் பிணைப்புச் செறிந்த இடங்களில் ஏறிற்று. ஏனைய இடங்களில் இறங்கிற்று. எனினும் இம்மேடுபள்ளங்களைக் கொண்டு செய்தியை எழுத்தெழுத்தாக வாசித்துவிடலாம் என எண்ணலாகாது. பிரிந்த புரிகள் மெல்லிய சுருள்வில்லைப் போல் நெகிழ்வதால் ஓரெழுத்தின் தாக்கம் அயலெழுத்துகளோடு கலந்து மங்கிவிடுகிறது.

கலத்தினுள்ளே ஊசியும் இல்லை, இழுக்கும் கையும் இல்லை. எலிக்கேசு எனப்படும் நொதியங்கள் ஏ.ரீ.பி. தரும் சத்தியைச் செலவிட்டு, ஒரு புரியின்மீது ஊர்ந்தவாறே ஏணியைத் திறக்கின்றன. இவ்வகை நொதியங்களுள் ஒன்று பழுதுற்றுப் பிறந்தோரை வேணர் நோய் பற்றுகிறது. அவர்களுக்கு இளமையிலேயே நரையும் கண்புரையும் வந்துவிடுகின்றன.