‘வேண்டாம்’ என்று சொல்ல முடிந்தால்தான்...



சமையலறையில் நிற்கும் மனைவியின் தோளில் கணவர் பின்னாலிருந்து கை வைக்கிறார். அன்பாகத்தான் வைக்கிறார். மனைவியோ திடுக்கிட்டு விறைத்துப் போகிறார். “என்னைப் பிடிக்கவில்லையா?” என்று கேட்டால் பதில் வருவதில்லை. திருமணத்துக்கு முன் நடந்த பாலியல் வன்கொடுமையை மனம் ஒதுக்கி வைத்தாலும் உடல் மறக்கவில்லை.

இது வெறுப்பு அல்ல. ஆபத்தில் ஓடவோ எதிர்க்கவோ வழியில்லாதபோது உடல் தானாகவே உறைந்துவிடும். ஸ்டாக்ஹோம் நகரில், வன்புணர்வுக்குப் பின் சிகிச்சைக்கு வந்த 298 பெண்களிடம் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், 70 விழுக்காட்டினர் அந்நேரத்தில் உடல் அசையாமல் உறைந்துபோனதைத் தெரிவித்தனர். “ஏன் கத்தவில்லை?” என்று கேட்கும் உறவினர்கள் இதை அறிய வேண்டும். அதே அபாய மணிதான் பிறகு ஒரு வாசனையிலும், இருட்டிலும், எதிர்பாராத தொடுதலிலும் ஒலிக்கிறது.

தமிழ்ப் பத்திரிகைகள் நெடுங்காலம் ‘கற்பழிப்பு’ என்றே எழுதின. குற்றம் செய்தவன் ஒருவன். அழிந்ததாகச் சொல்லப்பட்டதோ பெண்ணுடையது! இச்சொல்லைக் கேட்டே வளர்ந்தவர் தம்மைக் கறைபட்டவராக எண்ணுவதில் வியப்பில்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு இணங்குவது காயத்தை மேலும் ஆழமாக்கும். முதலில் மனநல ஆலோசனை தேவை. உறவின்போது வலி இருந்தால் மகப்பேறு மருத்துவரையும் பார்க்க வேண்டும். அச்சத்தால் தசைகள் இறுகுவதற்குச் சிகிச்சை உண்டு.

பிறகு, உடலுறவு கிடையாது என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டு தொடுதலை மட்டும் பழகலாம். 1970இல் மாஸ்டர்ஸ், ஜான்சன் இருவரும் எழுதிய நூலால் பரவிய முறை இது. விளக்கு எரியட்டும். உடை மாற்ற வேண்டியதில்லை. மனைவியே முதலில் கணவரின் கையைத் தொடட்டும். எங்கே, எவ்வளவு நேரம் என்பது மனைவியின் முடிவு. பயம் எழுந்தால் அந்தக் கணமே நிறுத்த வேண்டும். கண்ணைத் திறந்து, காலைத் தரையில் ஊன்றி, ‘இது எங்கள் வீடு, இவர் என் கணவர்’ என்று சொல்லிக்கொள்ளலாம். ‘வேண்டாம்’ என்றதும் கை விலகுவதைத் திரும்பத் திரும்பக் காணும்போதுதான் உடலுக்கு நம்பிக்கை பிறக்கிறது.

சிங்கப்பூரில் 2020 ஜனவரி 1 முதல், மனைவியை வன்புணர்ந்த கணவருக்கு இருந்த சட்ட விலக்கு முற்றாக நீக்கப்பட்டது. ஆனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதும் ஒரு கட்டாயமே. அதைச் சட்டம் தடுக்காது.

கணவருக்கும் மனவருத்தம் இருக்கும். அதை மனைவியிடமே இறக்கி வைக்காமல், தனியாக ஓர் ஆலோசகரிடம் பேசலாம். சில தம்பதியருக்குப் பல மாதங்கள் கைகோத்து உட்காருவதிலேயே கழியும்.