ஊர் ஓடினாலும் கேட்டு ஓடு!

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

'ஊர் ஓடினால் ஒத்து ஓடு. ஒருவன் ஓடினால் கேட்டு ஓடு' என்று நம் தமிழில் ஒரு பழமொழி உண்டு. ஒருவன் ஓடினால் அவனை நிறுத்தி ஏன் ஓடுகிறாய் என்று விசாரிக்க வேண்டுமாம். ஊரே ஓடினால் விசாரணை கிடையாதாம். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நாமும் ஓட வேண்டியதுதானாம். வெள்ளம் வரும்போதும் தீப்பிடிக்கும்போதும் இந்தப் பழமொழி உயிரைக் காக்கும். மறுக்கவில்லை. ஆனால் வாழ்க்கை முழுவதற்கும் இதையே சட்டமாக்கிக்கொண்டால் என்ன ஆகும்?

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். குழந்தை கடத்தும் கும்பல் ஊருக்குள் வந்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியிருந்த நேரம். கோயிலுக்குக் குடும்பத்தோடு வந்த ஒரு மூதாட்டி வழியில் நின்ற பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அவரைக் கடத்தல்காரி என்று எண்ணிக் கூட்டம் அடித்தே கொன்றுவிட்டது! கையை ஓங்கியவர்களில் ஒருவராவது 'நீங்கள் யாரம்மா? எங்கே போகிறீர்கள்?' என்று பொறுமையாகக் கேட்டிருந்தால் அந்த உயிர் பிழைத்திருக்குமே! ஊர் ஓடியது, ஒத்து ஓடினார்கள். ஒரு செய்தி வந்தால் தீர விசாரிக்க வேண்டும் என்று திருக்குர்ஆன் 49:6 கட்டளையிடுவது இதற்காகத்தான்.

இந்தக் கருத்து யாருடையது?

முஸ்லிம்களுக்கு வீடு வாடகைக்குத் தருவதில்லை என்று சொல்லும் வீட்டுக்காரர்களை நகரங்களில் பார்க்கிறோம். காரணம் கேட்டால், 'எதற்கு வம்பு?' என்பார். அவர் வாழ்நாளில் ஒரு முஸ்லிம் குடும்பத்தோடும் பழகியிருக்க மாட்டார். திரைப்படத்தில் தாடி வைத்தவன் குண்டு வைத்தான். 1998 கோவை குண்டுவெடிப்புக்குப் பிறகு நம் சமுதாயம் முழுவதையும் சந்தேகத்தோடு பார்க்கும்படி செய்திகள் எழுதப்பட்டன. இவையெல்லாம் சேர்ந்து அவர் உள்ளத்தில் உட்கார்ந்துகொண்டன. அவரோ அதை 'என் கருத்து' என்கிறார். அது அவர் சிந்தித்துப் பெற்றதல்ல; அவருக்குள் போட்டு வைக்கப்பட்டது.

இது நமக்கு நன்றாகப் புரிகிறது. ஏனென்றால் பாதிக்கப்படுவது நாம். ஆனால் நம் உள்ளத்தில் போட்டு வைக்கப்பட்டவை எவை? அதை என்றைக்காவது கணக்குப் பார்த்திருக்கிறோமா?

வணிகச் சகோதரர்களுக்கு இது தெரிந்த விஷயம். அடுத்தடுத்து 2 கடைகள். சரக்கு ஒன்று, விலை ஒன்று. எந்தக் கடையில் 4 பேர் நிற்கிறார்களோ அங்கேதான் 5வது ஆள் போய் நிற்பார். அமெரிக்காவில் எட்வர்ட் பெர்னேஸ் என்பவர் இதையே பெரிய தொழிலாகச் செய்தார். அன்று அங்கே பெண்கள் தெருவில் சிகரெட் பிடிப்பதை இழிவாகக் கருதினார்கள். சிகரெட் கம்பெனிக்கோ பெண்களிடமும் விற்க வேண்டும். 1929ல் நியூயார்க்கில் ஈஸ்டர் ஊர்வலத்தன்று இளம்பெண்கள் பகிரங்கமாகச் சிகரெட் பிடிக்க அவர் ஏற்பாடு செய்தார். அதற்கு 'விடுதலைச் சுடர்' என்று பெயரும் சூட்டினார். பத்திரிகைகள் பரபரப்பாக வெளியிட்டன. அதைப் பார்த்துப் புகைத்த பெண் தன் சுதந்திரத்தை நிலைநாட்டுவதாக எண்ணினாள். ஆனால் அந்த எண்ணத்தை விலை கொடுத்து வாங்கி அவளிடம் சேர்த்தது கம்பெனி! 'என் விருப்பம், என் உரிமை' என்று நாம் சொல்லும்போதுகூட, அந்த விருப்பம் எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பார்க்கத்தான் வேண்டும்.

கண் சொன்னதும் வாய் சொன்னதும்

சாலமன் ஆஷ் என்ற அறிஞர் 1950களில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார். ஓர் அட்டையில் ஒரே ஒரு கோடு. இன்னோர் அட்டையில் 3 கோடுகள். இந்த மூன்றில் எது முதல் கோட்டின் அளவுக்குச் சமம்? இவ்வளவுதான் கேள்வி. சிறு பிள்ளையும் சொல்லிவிடும். ஆனால் அந்த அறையில் இருந்தவர்களில் ஒரே ஒருவர்தான் சோதிக்கப்படுபவர். மற்ற அனைவரும் ஆஷ் ஏற்பாடு செய்தவர்கள். அவர்கள் வரிசையாக, வேண்டுமென்றே, ஒரே தவறான பதிலைச் சொன்னார்கள்.

சோதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ 4ல் 3 பேர் ஒரு முறையாவது அந்தத் தவறான பதிலையே தாமும் சொன்னார்கள். கூட்டம் தவறாகச் சொன்ன சுற்றுகளில் அவர்கள் சொன்ன பதில்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படிக் கூட்டத்தின் பக்கம் சாய்ந்தது. யாரும் மிரட்டவில்லை. யாரும் பணம் கொடுக்கவில்லை. கண் ஒன்று சொன்னது. வாய் வேறொன்று சொன்னது!

இன்னொன்றும் தெரிய வந்தது. அதே அறையில் ஒரே ஒருவர் மட்டும் சரியான பதிலைச் சொல்ல ஏற்பாடு செய்தபோது, பிழை சுமார் கால் பங்காகக் குறைந்துவிட்டது. கூட்டத்தை வெல்ல இன்னொரு கூட்டம் தேவைப்படவில்லை. ஒரு துணை போதுமானதாக இருந்தது. ஆனால் அந்தத் துணை பாதியிலேயே கூட்டத்தோடு போய்ச் சேர்ந்துகொண்டபோது பிழை மறுபடியும் ஏறிவிட்டது.

இருவர் இருவராக, ஒருவர் ஒருவராக

சகோதரர்களே! மக்கா நகரமே நபி (ஸல்) அவர்களைப் பைத்தியக்காரர் என்று சொன்னது. சந்தையில் ஒருவர் சொல்ல அடுத்தவர் அதையே திருப்பிச் சொன்னார். அந்த மக்களுக்கு அல்லாஹ் என்ன உபதேசத்தைச் சொல்லச் சொன்னான்? திருக்குர்ஆன் 34:46ஐ எடுத்துப் பாருங்கள். அல்லாஹ்வுக்காக இரண்டிரண்டு பேராகவோ தனித்தனியாகவோ எழுந்து நின்று, பிறகு சிந்திக்கும்படி அழைக்கிறது. கூட்டத்துக்குள் இருந்தபடியே சிந்தியுங்கள் என்று சொல்லவில்லை. முதலில் அதிலிருந்து வெளியே வர வேண்டும், பிறகுதான் சிந்தனை!

இப்ராஹீம் (அலை) அவர்கள் சிலைகளை உடைத்துவிட்டு, பெரிய சிலைதான் இதைச் செய்தது, அவற்றிடமே கேளுங்கள் என்று சொன்னபோது, அந்த மக்கள் ஒரு கணம் தமக்குள் திரும்பித் தவறு நம்முடையதுதான் என்று உணர்ந்தார்கள். அடுத்த கணமே தலைகீழாக மாறிவிட்டார்கள் (21:62-65). உண்மை அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்த உண்மையோடு தனியே நிற்கும் துணிவு இல்லை.

இங்கே கல்லூரி மாணவர் ஒருவர் கேட்கலாம்: 'அப்படியானால் நாமும் முஸ்லிம் வீட்டில் பிறந்ததால்தானே முஸ்லிம்கள்? நம் ஈமானும் வளர்ப்புதானே?' நியாயமான கேள்வி. கோபப்பட வேண்டாம். நம்மில் பலருக்குக் கலிமா தாலாட்டோடு வந்ததுதான். அத்தா சொன்னார், அம்மா சொன்னார் என்று வந்த எல்லாமே தவறாகிவிடாது. பொய் சொல்லாதே என்பதையும் அவர்கள்தானே சொல்லிக் கொடுத்தார்கள்! ஆனால் முன்னோர்கள் செய்தார்கள் என்பதை மட்டுமே ஆதாரமாகக் காட்டுவதைத் திருக்குர்ஆன் 2:170 கண்டிக்கிறது. அது மக்கத்துக் குறைஷிகளுக்கு மட்டும் சொன்னதல்ல. வந்ததை உரசிப் பார்த்து ஏற்பவனுக்குத்தான் அது சொந்தமாகிறது. பரம்பரையாக வந்த நகையையும் தட்டானிடம் கொடுத்துத் தரம் பார்க்கிறோமே, கொள்கைக்கு மட்டும் உரைகல் வேண்டாமா?

கைக்கூலி சபையில் நாம்

இப்போது நம் வீட்டுக்கு வருகிறேன். மணமகன்தான் பெண்ணுக்கு மஹர் கொடுக்க வேண்டும் என்பது திருக்குர்ஆன் 4:4ன் சட்டம். 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டப்படி வாங்குவதும் குற்றம், கொடுப்பதும் குற்றம். இரண்டு சட்டமும் இருக்க, நம் மஹல்லாக்களில் நடப்பது என்ன? மஹர் பெயருக்கு ஒரு தொகை. அதன் பல மடங்கு கைக்கூலி, நகை, சீர்வரிசை, பைக்!

தனியாகக் கேட்டுப் பாருங்கள். மாப்பிள்ளை 'எனக்கு விருப்பமில்லை, வீட்டில் கேட்க மாட்டார்கள்' என்பார். அவருடைய அம்மா 'நாங்கள் கேட்கவில்லை, ஊரில் என்ன சொல்வார்கள்?' என்பார். ஜமாஅத் நிர்வாகி 'ஹராம்தான், ஆனால் ஊர் வழக்கமாச்சே' என்பார். தனியே ஒவ்வொருவரும் கைக்கூலிக்கு எதிரி. சபையில் உட்கார்ந்தால் அனைவரும் அதற்குச் சாட்சி! 'ஊர்' என்று இவர்கள் பயப்படுவது யாரை? ஒருவருக்கொருவர் பயப்படும் இவர்களேதான் அந்த ஊர்! கோட்டின் அளவு எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. வாய்தான் வேறு பதில் சொல்கிறது.

வணிகர்களே, உங்கள் கணக்குப்படியே பாருங்கள். மகனுக்கு வாங்கியதை மகளுக்குக் கொடுத்துவிடுகிறீர்கள். வரவும் செலவும் ஒன்றாகிவிட்டது. பெண் பிள்ளைகள் மட்டுமே உள்ள ஏழை வீட்டுக்கோ முழுவதும் செலவு, வரவே இல்லை. அந்த வீட்டில் கடன் வட்டியோடு வளர்கிறது, பெண்ணின் வயதும் கூடுகிறது. நம் மௌனத்துக்கு விலை கொடுப்பது அந்த வீடுதான்.

கட்டுப்பாடு கெட்டுவிடாதா?

'ஆளாளுக்குக் கேள்வி கேட்டால் சமுதாயத்தின் கட்டுப்பாடு என்ன ஆவது?' என்று சில பெரியவர்கள் கவலைப்படுகிறார்கள். அவர்களுக்கு பரீரா (ரலி) அவர்களின் வரலாற்றை நினைவூட்டுகிறேன். அடிமையாக இருந்து விடுதலை பெற்ற பெண். கணவர் முகீஸ் அப்போதும் அடிமை. விடுதலையானதும் பிரிந்துவிடும் உரிமை பரீராவுக்குக் கிடைத்தது, பிரிந்தார். முகீஸ் அழுதுகொண்டே அவர் பின்னால் நடந்தார். மனம் இரங்கிய நபி (ஸல்) அவர்கள், அவரிடம் திரும்பிச் செல்லக் கூடாதா என்று கேட்டார்கள். இது கட்டளையா என்று பரீரா விசாரித்தார். இல்லை, பரிந்துரைதான் என்று நபியவர்கள் விளக்கியதும், அப்படியானால் எனக்கு அவர் தேவையில்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டார் (புகாரி 5283). நபியவர்கள் கோபிக்கவில்லை. அதனால் மதீனாவின் கட்டுப்பாடு குலைந்துவிடவும் இல்லை!

அல்லாஹ்வின் தூதரிடமே 'கட்டளையா, யோசனையா?' என்று ஒரு பெண் கேட்க முடிந்தது என்றால், ஜமாஅத் தலைவரிடம் ஏன் கேட்கக் கூடாது? இயக்கத் தலைமையிடம் ஏன் கேட்கக் கூடாது? இந்த மேடையில் நிற்கும் என்னிடமும் கேளுங்கள். நான் சொன்ன வசன எண்களை வீட்டுக்குப் போய்த் திறந்து பாருங்கள். தலையாட்டும் ஆயிரம் பேரைவிட ஆதாரம் கேட்கும் பத்துப் பேர் ஒரு சமுதாய இயக்கத்துக்குப் பலம். தலையாட்டுபவர் நாளை வேறொருவர் பேசினால் அங்கும் தலையாட்டுவார்.

எனவே 2 வேலைகளைச் செய்யுங்கள். திருமணமாகாத இளைஞர்கள் இன்றிரவு தனியே உட்கார்ந்து, என் திருமணத்தில் நான் எதைக் கொடுப்பேன், எதை வாங்க மாட்டேன் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பேச்சுவார்த்தை தொடங்கும் முன்பே அதை வீட்டில் கொடுத்துவிடுங்கள். சபை கூடிய பிறகு வாய் கண்ணின் பேச்சைக் கேட்காது. அடுத்து, ஒவ்வொரு மஹல்லாவிலும் இருவர் இருவராகச் சேருங்கள். ஜமாஅத் கூட்டத்தில் ஒருவர் எழுந்து 'கைக்கூலித் திருமணத்துக்கு நம் நிர்வாகம் துணை நிற்க ஆதாரம் என்ன?' என்று கேட்டால், மற்றவர் உடனே எழுந்து அவர் பக்கம் நிற்க வேண்டும். கூட்டம் முறைத்தவுடன் உட்கார்ந்துவிடாதீர்கள். பாதியில் விட்டுப் போகும் துணை, எழுந்து நின்றவரின் துணிவையும் எடுத்துக்கொண்டு போய்விடும்.

ஊர் ஓடட்டும். நாம் நின்று கேட்போம்: எங்கே? எதற்கு? யார் சொன்னது?

சிந்திக்கும் அறிவைத் தந்த வல்ல அல்லாஹ், அறிந்ததைச் சபையில் சொல்லும் துணிவையும் நமக்குத் தருவானாக! வஸ்ஸலாம்.