இயங்குமிடம் அறிந்து கருவி தேர்தல்



முல்லைத்தீவு மாவட்டத்தில் நந்திக்கடலின் அயலே அமைந்த ஊர் வற்றாப்பளை. வைகாசிப் பொங்கலன்று கண்ணகி அம்மனை வழிபடப் பெருந்திரளானோர் கூடும் ஊர் அது. வன்னியின் கமக்காரன் காலபோகத்துக்குரிய நெடுங்கால நெல்லைச் சிறுபோகத்தில் விதைக்கத் துணியான். விதை நல்லதா என்று மட்டும் பாராது, இந்நிலத்துக்கும் இந்நீருக்கும் ஏற்றதா என்றும் பார்ப்பான். கணினித் துறையிலும் அத்தகைய அறிவு வேண்டப்படும் இடம் ஒன்று உண்டு.

அவ்வூர் மாணவன் ஒருவன், குளத்து நீர்மட்டத்தை அளந்து குறிக்கும் சிறு பொறியொன்றை ஆக்க விழைகின்றான் என்று கொள்வோம். அவனிடம் லினக்ஸ் இயங்கும் மடிக்கணினி ஒன்றும், 2015ஆம் ஆண்டு வெளிவந்த றாஸ்பெரி பை சீரோ என்னும் சிறு பலகையும் உள்ளன. மடிக்கணினியின் மூளை இன்ரெல் வகையினது. பலகையின் மூளையோ, 1985இல் கேம்பிரிட்ஜ் நகரில் தோன்றிய ஆர்ம் வகையினது. இரண்டும் வெவ்வேறு கட்டளைமொழியை உடையன. பலகையின் நினைவகம் 512 மெகாபைற்றே. பெரிய செய்நிரலை அதிலேயே தொகுக்க நெடுநேரம் செல்லும். எனவே, மடிக்கணினியில் இருந்தவாறே பலகைக்குரிய மொழியில் ஆக்கித் தரும் குறுக்குத் தொகுப்பான் தேவையாகின்றது. அத்தொகுப்பானும், இணைப்பானும், நூலகங்களும் சேர்ந்ததே கருவித் தொடர்.

மாணவன் டெபியன் லினக்ஸில் ஆயத்தமாகக் கிடைக்கும் ஆர்ம் கருவித் தொடரை நிறுவுகின்றான். தொகுப்புப் பிழையின்றி முடிகின்றது. ஆயினும், பலகையில் இயக்கிய கணமே "முறையற்ற கட்டளை" என்று செய்நிரல் நின்றுவிடுகின்றது. அவன் தன் செய்நிரலையே ஐயுற்று இரவுகளைக் கழிக்கின்றான். இத்துறை தனக்கு ஆகாது என்று கைவிடுதலும் கூடும்.

பிழை அவனதன்று. 2013இல் டெபியன் வெளியிட்ட "ஆர்ம் எச்-எஃப்" வகை, ஆர்மின் ஏழாம் பதிப்பை அடிப்படையாகக் கொண்டது. பலகையோ ஆறாம் பதிப்பினது. ஆறாம் பதிப்புக்குத் தொகுக்குமாறு தொகுப்பானைப் பணித்தாலும் போதாது. உடன் இணையும் நூலகத் துண்டுகள் ஏழாம் பதிப்பினவாகவே இருக்கும். இக்காரணம் பற்றியே 2012இல் றாஸ்பெரி பைக்கென ராஸ்பியன் தனியே தொகுக்கப்பட்டது.

ஆகவே, கருவி தேடுமுன் மூன்று வினாக்களுக்கு விடை காண்க. பலகை ஆர்மின் எப்பதிப்பினது? 32 பிற்றா, 64 பிற்றா? "யூநேம்" என்னும் கட்டளை இதனை ஓரளவு உணர்த்தும். தசம எண்களை வன்பொருளின் வழியே கையளிக்கும் மரபா, மென்பொருள் மரபா? பலகையில் உள்ள சி நூலகம் எப்பதிப்பினது? புதிய நூலகத்தோடு தொகுத்த செய்நிரல் பழைய நூலகத்தில் இயங்க மறுக்கக்கூடும். ஆதலின் பலகையின் நூலகங்களையே மடிக்கணினிக்குப் படியெடுத்து, அவற்றோடு இணைத்தல் நன்று. ஏற்ற தொடர் கிடையாதெனில், குறொஸ்ரூல் என்-ஜி என்னும் கருவியால் தாமே ஆக்கிக்கொள்ளலாம்.

பணிசெயல் முறைமையே இல்லாத பலகைகளும் உள. 2021இல் வந்த றாஸ்பெரி பை பிக்கோ அத்தகையது. அதற்கு லினக்ஸுக்குரிய தொடர் உதவாது. வேறு தொடர் உண்டு.

புதியதே சிறந்தது என்னும் எண்ணம் இங்கே பொருந்தாது. இயங்குமிடத்துக்கு ஏற்றதே சிறந்தது. இதனை ஆசிரியர் ஒருவர் முதல்நாளே எடுத்துரைப்பாராயின், அம்மாணவனின் பொறி குளக்கட்டில் நின்று நீரை அளக்கும்.