முக்கோணம்: வேள்விச்சாலை முதல் விண்வெளி வரை



திருக்கோயில்களில் குடமுழுக்கு நிகழுங்காலத்து வேள்விச்சாலையை வலம் வருவோர் பலர். அங்கு அமைக்கப்பெற்ற குண்டங்களின் வடிவங்களை உற்று நோக்குவோர் சிலரே. ஒன்பது குண்டங்கள் அமையும் வேள்விச்சாலையில் கிழக்கே சதுரம், தெற்கே பிறை, மேற்கே வட்டம், வடக்கே தாமரை எனத் திசைக்கொரு வடிவம் விதிக்கப்பட்டுள்ளது. தென்மேற்கு மூலையில் அமைவது முக்கோணக் குண்டம். அவ்வடிவமே இன்று பேச எடுத்துக்கொண்ட பொருளாகும்.

இரண்டு நேர்கோடுகளால் ஓர் இடத்தை அடைக்க இயலாது. மூன்றாவது கோடு வந்து கூடிய பின்னரே உள், புறம் என்னும் வேறுபாடு பிறக்கிறது. ஆதலின் நேர்கோடுகளால் ஆகும் வடிவங்களுள் முதற்கண் வைத்து எண்ணத்தக்கது முக்கோணமே.

சைவ சித்தாந்த சாத்திரங்கள் 14. அவற்றுள் ஒன்றாகிய உண்மை விளக்கம் திருவதிகை மனவாசகங்கடந்தார் அருளியது. மாணாக்கர் வினவ ஆசிரியர் விடை கூறும் முறையில் அமைந்தது. ஐம்பூதங்களின் வடிவம் கூறுமிடத்து, நிலத்திற்கு நாற்கோணமும், நீருக்குப் பிறையும், தீக்கு முக்கோணமும், காற்றுக்கு அறுகோணமும், வானுக்கு வட்டமும் என்று அந்நூல் வகுக்கிறது. தீயின் நிறம் செம்மை. அதற்குரிய எழுத்து 'ர'. அகல்விளக்கின் சுடர் அடி அகன்று நுனி கூர்ந்து நிற்பதைக் கண்டவர்க்கு இவ்விதியின் பொருத்தம் சொல்லாமலே விளங்கும். தீத்தலமாகிய திருவண்ணாமலையைத் தொலைவில் நின்று காண்போர்க்கு அம்மலையும் ஏறத்தாழ அவ்வடிவாகவே தோன்றுகிறது.

தீ மேல்நோக்கி எழும். நீர் கீழ்நோக்கி இழியும். ஆகவே மேல்நோக்கிய முக்கோணம் சிவத்தையும், கீழ்நோக்கிய முக்கோணம் சத்தியையும் குறிப்பதாகக் கொண்டனர். இரண்டும் ஒன்றனுள் ஒன்று புகுந்து நிற்பது முருகப்பெருமானுக்குரிய அறுகோணச் சக்கரம். அதன் ஆறு கோணங்களிலும் 'சரவணபவ' என்னும் ஆறெழுத்துகளைப் பொறிப்பர்.

இக்கருத்தின் முழு விரிவு ஸ்ரீசக்கரத்தில் உள்ளது. சிவமுக்கோணம் 4, சத்திமுக்கோணம் 5, ஆக 9 பெரிய முக்கோணங்கள் ஒன்றையொன்று வெட்டி, 43 சிறு முக்கோணங்களைத் தோற்றுவிக்கின்றன. நடுமுக்கோணத்தின் உள்ளே விந்து. கூறுவது எளிது, வரைவது அரிது. இரண்டு கோடுகள் கூடுமிடம் சந்தி எனவும், மூன்று கோடுகள் ஒரே புள்ளியிற் கூடுமிடம் மர்மம் எனவும் பெயர் பெறும். ஒரு கோடு மயிரிழை விலகினும் மர்மம் பிழைபடும். கூடவேண்டிய இடத்தில் வேண்டாத சிறு முக்கோணம் ஒன்று முளைத்துவிடும். கடைகளில் விற்கும் அச்சுத் தகடுகள் பலவற்றில் இப்பிழையைக் காணலாம். கோடு பிழைத்த தகட்டை வாங்கி வைத்திருப்பதினும், காஞ்சியில் காமாட்சியம்மை திருமுன் உள்ள சக்கரத்தையோ, மாங்காட்டில் மூலிகைகளால் அமைந்த அர்த்தமேருவையோ கண்டு தொழுதல் நன்று.

வடிவம் பிழைபடலாகாது என்னும் இவ்வச்சமே நம் நாட்டில் வடிவக்கணிதத்தை வளர்த்தது எனலாம். வேள்விமேடை அமைக்கும் முறை கூறும் சுல்ப சூத்திரங்களில் பருந்து, தேர்ச்சக்கரம், முக்கோணம் முதலிய வடிவங்களில் மேடைகள் விதிக்கப்பட்டுள்ளன. முக்கோண மேடைக்குப் பிரௌக சிதி என்று பெயர். பகை அழிய வேண்டுவோர்க்கு உரியது. வடிவம் எதுவாயினும் பரப்பு மட்டும் ஏழரைச் சதுரப் புருடம் என்னும் ஒரே அளவாக இருத்தல் வேண்டும். சதுரத்தின் பரப்பைக் குறையாமலும் மிகாமலும் முக்கோணமாக மாற்ற வேண்டுமாயின் கணக்கு வல்லவராதல் வேண்டுமன்றோ? நீள்சதுரத்தின் மூலைவிட்டத்தின் மேல் அமையும் சதுரம், இரு பக்கங்களின் மேல் அமையும் சதுரங்களின் கூட்டுத்தொகைக்குச் சமம் என்பதைப் போதாயனர் இந்நூல்வரிசையிலேயே கூறிவைத்தார்.

இங்கே ஒன்று கூறவேண்டியுள்ளது. போதையனார் பெயரால் தமிழில் ஒரு கணக்கு வழங்குகிறது. நீண்ட பக்கத்தை எட்டாகப் பகுத்து ஒரு கூற்றைக் கழித்து, எஞ்சியதனோடு குறுகிய பக்கத்தின் பாதியைக் கூட்டினால் மூலைவிட்டம் கிடைக்கும் என்பது அது. வர்க்கமூலம் வேண்டாத விரகு எனப் பலரும் மேடைகளில் வியந்து போற்றுகின்றனர். 4, 3 என்னும் பக்கங்களுக்கு 5 என்று சரியாகவே வருகிறது. 12, 5 என்பவற்றுக்கு 13, அதுவும் சரி. 15, 8 என்பவற்றுக்கோ 17 வரவேண்டிய இடத்தில் பதினேழே அரைக்கால் வருகிறது. அடிக்கணக்கில் ஒன்றரை அங்குலம் மிகை! அளவு தோராயமாகப் போதும் என்னும் இடத்திற்கு அது நல்ல உதவி, முற்றுண்மை அன்று. தமிழுக்குப் பெருமை சேர்க்க விழைவோர் இதனை மறைத்துக் கூறுதல் தகாது. கொத்தனார்கள் கயிற்றில் 3, 4, 5 என அளந்து மூலைமட்டம் பார்ப்பதில் எக்குறையும் இல்லை.

முக்கோணத்தால் நம் திருக்கோயில் ஒன்றுக்கும் நிலவியலுக்கும் ஏற்பட்ட தொடர்பு பலரும் அறியாதது. ஒரு பக்கத்தின் நீளமும் இரு கோணங்களும் தெரிந்தால் எஞ்சிய பக்கங்களை அளவாமலே கணக்கிடலாம். இம்முறையால் நாட்டையே அளக்க முற்பட்டவர் வில்லியம் லாம்டன். 1802 ஏப்ரல் மாதத்தில் சென்னைப் பரங்கிமலையருகே ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். குன்றுகளின் உச்சியிலிருந்து கோணங்களை அளந்துகொண்டே சென்றவர்க்குச் சோழநாட்டுச் சமவெளியில் குன்றுகள் இல்லாமற்போயின. கோபுரங்களும் விமானங்களுமே அங்குக் குன்றுகளாயின. 1808ஆம் ஆண்டு, இராசராசன் எடுத்த தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் அரை டன்னுக்கு மேற்பட்ட எடையுள்ள கோணமானியை ஏற்றியபோது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி அதன் வட்டம் உருக்குலைந்தது. வேறொருவராயின் பணியைக் கைவிட்டிருப்பார். அவரோ கூடாரத்துள் புகுந்து, ஏறத்தாழ 6 வாரம் இருந்து, தம் கையாலேயே அதனைச் செப்பஞ்செய்தார்! அம்முக்கோணச் சங்கிலி வடக்கே நீண்டு இமயம் வரை சென்றது. 1856இல் எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் 29,002 அடி என அறிவிக்கப்பட்டது அவ்வளவையின் பயனாகும். 2020இல் அறிவிக்கப்பட்ட உயரம் 8,848.86 மீட்டர். பழைய கணக்கிற்கும் இதற்கும் ஏறத்தாழ 30 அடியே வேறுபாடு.

சாலையோரத்தில் எச்சரிக்கை கூறும் சிவப்பு முக்கோணத்தையும், குடும்ப நலத்தைக் குறித்த தலைகீழ் முக்கோணத்தையும் யாவரும் அறிவர், விரிக்க வேண்டுவதில்லை. நான்கு மூங்கில்களைக் கட்டிய சட்டம் தள்ளினால் சாயும். குறுக்கே ஒரு மூங்கிலைக் கட்டி முக்கோணமாக்கினால் அசையாது. பந்தலிடுவோரும் மின்கோபுரம் எழுப்புவோரும் கையாளும் நுட்பம் இதுவே.

வானத்திலும் ஒரு முக்கோணம் உண்டு. மார்கழி இரவில் 9 மணியளவில் கிழக்கு வானை நோக்குக. செம்மையாய் ஒளிர்வது ஆடவல்லானுக்குரிய திருவாதிரை விண்மீன். அதன் தென்கிழக்கே வெண்ணிறத்தில் சுடர்வது சிரியஸ்; இரவுவானில் அதனினும் ஒளிமிக்க விண்மீன் இல்லை. வடக்கே சற்றுத் தள்ளி நிற்பது புரோசியான். மூன்றையும் கோட்டால் இணைத்து எண்ணினால் ஏறத்தாழ மூன்று பக்கமும் ஒத்த முக்கோணம் புலப்படும். வானியலார் அதனைக் குளிர்கால முக்கோணம் என்பர். ஆதிரைத் திருநாளன்று விடியுமுன் தரிசனத்திற்கு வரும் அன்பர்கள் மேற்கு வானில் அது சாய்ந்து இறங்குவதைக் காணலாம்.